பதுளையில் எழுதிக்கொடுத்த ஜாமீன்

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி சாதாரண மனுவுக்கு முப்பது நாளில் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயமானால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள். முப்பத்து நான்கு வருடம் சார்பதிவாளராக இருந்தவனுக்கு இது மனப்பாடம். சென்ற நவம்பரில் இலங்கையில், பதுளையில், நான் எழுதிய மனு உயிர் சம்பந்தப்பட்டதுதான். ஆனால் சட்டம் இந்தியாவுடையது. மனுவில் இருந்த சந்தேகத்தைத் தீர்க்க வேண்டிய அலுவலகமோ எந்த நாட்டின் வரைபடத்திலும் இல்லை.

தங்கை மகன் நஸீர் திருச்சிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டதில் தொடங்கியது.

"மாமா, உம்மாக்குப் பித்தப்பையில கல்லு. கண்ணெல்லாம் மஞ்சளாயிட்டு. ஆபரேஷன் செய்யணும்னு டாக்டர் சொல்றாங்க. உம்மா கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்க."

"ஏன், பயமா?"

"பயந்தான் மாமா. கத்திக்கு இல்ல. நீங்க வந்தா சொல்லுவாங்களாம்."

நாங்கள் நமுனுகுல மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்த கத்தோலிக்கர்கள். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் அப்பா, அம்மா, நான் மூவரும் இந்தியாவுக்குக் கப்பலேறினோம். தங்கை திரேசம்மாள் ஏறவில்லை. அதற்குச் சில மாதம் முன்பு பதுளை பசாரில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் இளைஞரைக் கலியாணம் செய்துகொண்டு பாத்திமாவாகிவிட்டாள். பாத்திமா மாதா எங்களுக்கும் உண்டு என்பதால் கடித உறையில் அந்தப் பெயரை எழுத எனக்கு மனச்சங்கடம் இருந்ததில்லை. அம்மாவுக்கு இருந்தது. தலையணைக்கடியில் ஜெபமாலையை வைத்துக்கொண்டு, மகள் நரகத்துக்குப் போய்விடுவாள் என்று பயந்தபடியே இறந்தார். இதைத் தங்கைக்கு நான் எழுதியதில்லை.

கொழும்பிலிருந்து கிளம்பிய ரயில் நானுஓயாவோடு நின்றுவிட்டது. தண்டவாளத்தின் மேல் மண் சரிந்திருந்தது. எப்போது சரியாகும் என்று நிலைய அதிகாரியிடம் கேட்டேன். "மழையைக் கேளுங்கள்" என்று சிங்களத்தில் சொன்னதாகப் பக்கத்தில் நின்றவர் மொழிபெயர்த்தார். எந்த அலுவலகத்திலும் இவ்வளவு நேர்மையான பதில் எனக்குக் கிடைத்ததில்லை.

பிறகு பேருந்து. வெலிமடையில் லீக்ஸ் என்கிற பெரிய வெங்காயத்தாள் மூட்டைகள் ஏறின, அவற்றின் மேல் ஆட்கள் ஏறினார்கள். என் மடியில் யாரோ ஒருவரின் கேரட் பை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் வெறும் மூடுபனி. நடத்துனர் கதவில் தொங்கியபடி, "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள நெறய எடம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். "உள்ள எங்க இருக்கு? லீக்ஸுக்குள்ளயா?" என்று ஒரு பெண் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் பைக்குள் கைவிட்டு ஜெபமாலை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் நான் ஞாயிற்றுக்கிழமைக் கிறிஸ்தவன். மலைப்பாதையில் முழுநேர ஊழியன்.

நஸீரின் வீட்டில் இடியப்பமும் கோழிக்கறியும் வட்டிலப்பமும் வைத்தார்கள். ஒரே பெரிய தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். எனக்கு மட்டும் தனித்தட்டு, மரியாதைக்காக. அவர்கள் பிஸ்மில்லா சொல்லித் தொடங்கினார்கள். நான் சிலுவை அடையாளம் போட்டேன். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். சுவரில் ஒரு படம் கிடையாது. என் வீட்டுக் கூடத்தில் திரு இருதய ஆண்டவருக்கு இரவு பகலாகச் சிவப்பு விளக்கு எரிகிறது. இங்கே கடிகாரமும் தொழுகை நேரங்களின் அட்டவணையும்தான். அட்டவணை எனக்குப் பிடித்திருந்தது. நாங்கள் வருடத்துக்கு ஒருமுறை, பெரிய வியாழனன்று, பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுகிறோம். இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நாளைக்கு ஐந்து முறை தங்கள் காலைத் தாங்களே கழுவிக்கொள்கிறார்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரி எந்தப் பதிவேட்டை மெச்சுவார் என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை மதியம் பார்வையாளர் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெண்கள் வார்டின் சன்னலோரக் கட்டிலில் தங்கை. கண்கள் பழுத்த எலுமிச்சை நிறத்தில் இருந்தன.

"அண்ணே, கெழவனாயிட்டியே" என்றாள்.

"நீ மட்டும் என்ன, கொமரியா?"

நஸீரை மருந்து வாங்க அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை கொதித்தது.

"மூணு மாசத்துக்கு முந்தி அடுப்படியில மயங்கி விழுந்துட்டேன். கண்ணு முழிக்கையில மருமக மொகத்துல தண்ணி தெளிச்சுக்கிட்டு இருக்கா. 'மாமி, நான் யாரு? யாருன்னு சொல்லுங்க'ங்குறா. நான் என்ன சொன்னேன் தெரியுமா?" குரலைத் தாழ்த்தினாள். "சர்வேசுரன்னு சொன்னேன். அப்புறம் மூன்று ஆட்கள்னேன். பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்துன்னு வரிசையா. வாய் தானா ஓடுது அண்ணே, நிறுத்த முடியல."

எங்கள் ஞானோபதேசம், கேள்வி பதிலாக மனப்பாடம் செய்யும் வேதபாடம். இஸ்பிரீத்துசாந்து என்றால் பரிசுத்த ஆவி. உன்னைப் படைத்தவர் யார்? சர்வேசுரனில் எத்தனை ஆட்கள் உண்டு? ஒன்பது வயதில் அவள் படித்தது.

"நாப்பத்தேழு வருஷம். அஞ்சு வேள தொழுகை. ஒரு நோம்பு விட்டதில்ல. வாய் எங்க போயி நின்னுச்சு பாத்தியா?"

அவள் பயத்தைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். இஸ்லாமிய நம்பிக்கைப்படி, அடக்கம் செய்துவிட்டு ஆட்கள் திரும்பிப் போனதும் இரண்டு வானவர்கள் கப்ருக்குள் வருவார்கள். கப்ரு என்றால் மண்ணறை. உன் இறைவன் யார், உன் மார்க்கம் எது, உன் நபி யார் என்று கேட்பார்கள். கேள்விகளும் விடைகளும் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். இருந்தும் பயம், ஏனென்றால் அங்கே விடையைச் சொல்லப்போவது மனப்பாடம் செய்த வாய் அல்ல, வாழ்ந்த வாழ்க்கை. எங்களுக்கும் இறந்தவுடன் தீர்ப்பு உண்டு. ஆனால் நடுவில் உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒரு காத்திருப்பு அறை இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்காக இங்கே இருப்பவர்கள் பூசை வைக்கலாம், மன்றாடலாம். கடைசி நேரத்தில் நினைவே இல்லாவிட்டாலும் சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் பூசிவிடுவார். அவர்களுக்குச் சாமியார் கிடையாது. கடைசி வார்த்தை கலிமாவாக, இறைவன் ஒருவனே என்ற உறுதிமொழியாக, தன் நாவிலேயே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள்.

"மயக்க மருந்து குடுத்ததும் வாய் தானாப் பேசி, அதோட நான் மௌத்தாப் போயிட்டா?" என்றாள். "கடைசி வார்த்த மூன்று ஆட்கள்னு ஆயிருமே. அதுக்கு இந்தக் கல்லோடயே, நெனவோடயே போறேன்."

டாக்டர் சிங்களப் பெண். மருந்தோடு திரும்பிய நஸீர் மொழிபெயர்த்தான். "வியாழக்கிழமை காலைப் பட்டியலில் வைத்திருக்கிறேன். புதன் மாலைக்குள் சம்மதப் படிவம் வேண்டும். சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டால் அதன் பிறகு கையெழுத்துக் கிடைத்தும் பயனில்லை." இரண்டு நாள்.

செவ்வாய்க்கிழமை நஸீரோடு பள்ளிவாசலுக்குப் போனேன். மதியத் தொழுகை முடிந்து மௌலவி வெளியே வந்தார். முப்பது வயது இருக்காது. விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"தூங்குறவங்க, மயங்கிக் கெடக்குறவங்க சொல்றது எதுவும் கணக்குல வராது ஐயா. உம்மாவப் பயப்படாமக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. நானும் துஆச் செய்றேன்."

இதோடு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "இதை எழுத்தில் தர முடியுமா?"

அவர் முகம் மாறியது. "மார்க்கத் தீர்ப்பா எழுதிக் குடுக்குற அளவுக்கு நான் ஆளில்ல ஐயா. கொழும்புல என் உஸ்தாது, என் ஆசிரியர், இருக்காங்க. வயசானவங்க. எழுதிக் கேக்கலாம்." உடனே பள்ளிவாசல் படியில் உட்கார்ந்து பொருள், பார்வை எல்லாம் போட்டு மனு எழுதினேன். 'அவசரம்' என்று இரண்டு முறை அடிக்கோடிட்டேன். அவர் அதைப் படமெடுத்து உஸ்தாதின் மகனுக்கு அனுப்பினார். அசலைத் தபாலில் சேர்த்தோம்.

மாலையில் தங்கையிடம் மௌலவி சொன்னதைச் சொன்னேன்.

"எழுத்துல குடுத்தாரா?"

"வாயால சொன்னார். படிச்சவர் சொன்னா போதாதா?"

"நீதானே அண்ணே கடுதாசிக்குக் கடுதாசி எழுதுவ? வாயால சொன்னது காத்தோட போயிரும், எதையும் எழுத்துல வாங்குன்னு. அவரு மௌத்தாகி பழைய கட விக்கையில எழுதுன, நஸீர் கலியாணத்துக்கு எழுதுன. இப்ப என் ஆகிரத்துக்கு மட்டும் வாய்ப்பேச்சு போதுமோ?"

ஆகிரம் என்றால் மறுமை வாழ்வு. நாற்பத்தேழு வருடமாக நான் கடல் கடந்து அனுப்பிய ஒரே புத்திமதி அவள் கழுத்தில் சுருக்காக விழுந்திருந்தது.

பக்கத்துக் கட்டிலில் குடல்வால் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த மாரியாயி, நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க மாரியாத்தா இந்தக் கேள்வி கீள்வியெல்லாம் கேக்க மாட்டாங்கய்யா. நேரா அடிதான். அம்ம வந்துரும்."

தங்கை சிரித்தாள். சிரித்ததும் வலியில் சுருண்டாள். மாரியாயி, "சிரிக்காதீங்க நானாம்மா, தையல் எனக்கு, வலி உங்களுக்கா?" என்றார். நஸீரைப் பசாரில் எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்பதால் அவன் தாய்க்கு அவர் வைத்த பட்டம் அது.

புதன்கிழமை காலை வரை கொழும்பிலிருந்து பதில் இல்லை. உஸ்தாதுக்குக் கண்ணில் ஆபரேஷன், ஒரு மாதம் படிக்கக் கூடாதாம். நஸீரின் கடையில் உட்கார்ந்து தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கே ஏதாவது வந்துவிடும் போலிருந்தது. ஆட்டோ பிடித்து நமுனுகுலவுக்குப் போனேன். அங்கே என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாது.

ஆட்டோக்காரர் ஒரு கையால் ஓட்டினார், மறு கையால் சரிந்த இடங்களைக் காட்டினார். "இது போன கெழமை விழுந்துச்சுங்க. அது முந்தாநாத்து. இந்தா இது இன்னும் விழல." இன்னும் விழாத மண்ணுக்கு அடியில்தான் போய்க்கொண்டிருந்தோம்.

நாங்கள் இருந்த லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின், தரையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. காலி செய்யச் சொல்லி வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். உள்ளே அடுப்பு எரிந்தது.

"போகலையாம்மா?" என்று வாசலில் நின்றவரிடம் கேட்டேன்.

"எங்கங்கய்யா போறது? மழ வலுத்தா எல்லாரும் கோயிலுக்குப் போயிருவோம். விட்டா வந்துருவோம். வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

வெடிப்பின் மேல் போட்ட பலகையில் உட்கார்ந்து, மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டச் சம்பலோடு ரொட்டி தின்று, பாலில்லாத சாயத் தேநீர் குடித்தேன். காலுக்கடியில் ஏதோ அசைவதாகவே தோன்றிக்கொண்டிருந்தது.

சிற்றாலயம் மேட்டில் இருந்தது. பூட்டு இல்லை. உள்ளே ஈர வாடை. அந்தச் சிமெந்துத் தரையில்தான் என் வகுப்பு நடந்தது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. பங்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். தோட்டத்தில் எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்த பையன் நான் என்பதால் ஞானோபதேச வகுப்பை என்னிடம் ஒப்படைத்திருந்தார். கையில் கொய்யாக் குச்சி. எல்லோருக்கும் ஓரடி, என் தங்கைக்கு மட்டும் இரண்டு, பாரபட்சம் காட்டுகிறேன் என்று யாரும் சொல்லக்கூடாது அல்லவா? மூன்று ஆட்கள் என்ற இடத்தில் அவள் எப்போதும் தடுமாறுவாள். "ஒருத்தர்னுதானே இப்ப சொன்ன அண்ணே, அப்புறம் எப்படி மூணு?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதனால் அடித்தேன். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் சொல்லும்வரை அடித்தேன்.

அவள் கேட்ட அதே கேள்விதான், பிறகு யோசித்தால், இரண்டு மதங்களுக்கும் நடுவில் உள்ள முழு வேலியும். மரியாளை இருவரும் கன்னி என்கிறோம். இயேசுவை அவர்கள் ஈஸா நபி என்று கொண்டாடுகிறார்கள், அவர் திரும்பி வருவார் என்றும் நம்புகிறார்கள். ஆனால் அவர் கடவுள் இல்லை, சிலுவையில் இறக்கவும் இல்லை என்கிறார்கள். எங்களுக்கு அந்த மரணத்தை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை.

சாமியார் இருந்தால் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்திருப்பேன். இல்லை. ஆட்டோவில் திரும்பும்போது எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்வது என்று முடிவு செய்தேன்.

நஸீரின் கடையில் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதினேன். மாலை பார்வையாளர் நேரத்தில் தங்கையிடம் வாசித்தேன்:

"திருச்சிராப்பள்ளியில் வசிக்கும் ஓய்வுபெற்ற சார்பதிவாளர் அந்தோணிசாமி ஆகிய நான் எழுதிக்கொடுக்கும் ஜாமீன் பத்திரம். என் தங்கை திரேசம்மாள் என்கிற பாத்திமா, மயக்க நிலையிலோ அதற்குப் பின் நேரக்கூடிய வேறு எந்த நிலையிலோ, கேட்கப்படும் கேள்விக்கு ஒருவர் என்பதற்குப் பதிலாக மூவர் என்று சொல்வாரேயானால், அது அவருடைய சொந்த விருப்பத்தின் பேரில் சொன்னதல்ல. அவருக்கு ஒன்பது வயதில் நான் கொய்யாக் குச்சியால் அடித்துப் பதிய வைத்தது. அதற்குரிய விளக்கத்தை என்னிடமே கேட்க வேண்டும். அதற்குரிய தண்டனை எதுவானாலும் என்னையே சேரும். இதை நான் முழு நினைவோடும் யாருடைய வற்புறுத்தலும் இன்றி எழுதிக்கொடுக்கிறேன்."

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எங்க மார்க்கத்துல ஒருத்தர் சொமைய இன்னொருத்தர் தூக்க முடியாது அண்ணே. தாயானாலும் புள்ளயானாலும். அவங்கவங்க சொமை அவங்கவங்களுக்கு."

"எங்க மார்க்கத்துல முடியும்" என்றேன். "ஒருத்தர் எல்லாருக்குமாச் சேத்துத் தூக்கினார். அதுக்கு மேலதான் எங்க மொத்தக் கட்டடமும் நிக்குது."

"அப்ப இது உன் சட்டப்படி."

"என் சட்டப்படி."

மஞ்சள் கண்கள் என் பக்கம் திரும்பின. "உனக்குப் பயமா இல்லயா?"

பதிவு அலுவலகத்தில் உண்மையைச் சொல்ல நான் பிறரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். "பயமாத்தான் இருக்கு" என்றேன். கையெழுத்துப் போட்டு, கீழே இடமும் தேதியும் எழுதினேன்.

"சாட்சி?" என்றாள் தங்கை. என் தங்கைதான்.

மாரியாயி கையை நீட்டினார். "குடுங்கய்யா, நான் போடுறேன். எனக்குக் கையெழுத்தே வரும்." எழுத்துக்கூட்டி, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு போட்டார். போட்டுவிட்டு, "அந்த ரெண்டு பேரும் என்கிட்டயும் வருவாங்களாங்கய்யா?" என்று கேட்டார்.

"சாட்சியை விசாரிப்பது வழக்கம்" என்றேன்.

"வரட்டும். இந்தத் தோட்டத்து வெள்ளாமை, காலையில பேரு கூப்பிடுற பெரட்டு, எல்லாத்தப் பத்தியும் நானும் அவுங்ககிட்ட ரெண்டு கேக்க வேண்டியது இருக்கு."

தங்கை பத்திரத்தை நான்காக மடித்துத் தலையணை உறைக்குள் வைத்தாள். "படிவத்தக் கொண்டா" என்றாள். பார்வையாளர் நேரம் முடிய மணி அடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை காலை அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடும்வரை அவள் உதடுகள் அசைந்தன. கலிமா. வெளியே பெஞ்சில் நஸீர் ஒரு மணிமாலையை உருட்டினான், நான் ஒன்றை உருட்டினேன்.

"நீங்க எத்தன தடவ மாமா?"

"அருள்நிறை மந்திரம் ஐம்பத்து மூணு. நீ?"

"முப்பத்து மூணு, முப்பத்து மூணா மூணு வகை."

எண்ணிக்கை இரண்டு பேருக்கும் தவறிக்கொண்டே இருந்தது. உள்ளே போகும் ஒவ்வொரு தாதியின் முகத்தையும் படித்தேன். அவள் இறந்துவிட்டால் என்ற நினைப்போடு, அவள் இறந்தால் என் பத்திரம் அமலுக்கு வரும் என்ற நினைப்பும் வந்தது. இரண்டாவது பயம் முதலாவதுக்குச் சமமாக இருந்ததை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

பதினொன்றரைக்கு வெளியே கொண்டுவந்தார்கள். தாதி கன்னத்தைத் தட்டி, பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில், "அம்மா, உங்கள் பெயர் என்ன? நீங்கள் யார்?" என்றாள். நஸீர் என் முழங்கையைப் பிடித்தான். தங்கையின் உதடு பிரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தண்ணி" என்றாள்.

ஒரு வாரம் இருந்து அவளை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். கிளம்பும்போது, "காரியம் முடிஞ்சதே, அந்தத் தாளக் குடு" என்று கேட்டேன்.

"எது வரைக்கும்னு நீ போடலயே அண்ணே. அதற்குப் பின் நேரக்கூடிய வேறு எந்த நிலையிலோன்னு எழுதியிருக்க."

ஆயிரக்கணக்கான பத்திரங்களைக் காலவரம்பு இல்லை என்று திருப்பி அனுப்பியவன் நான்.

திருச்சியில் மூன்று மாதம் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. பங்குத்தந்தையிடம் சொன்னேன். "உங்களுக்குப் பொழுது போகவில்லை" என்றார். அது எழுத்தில் இல்லை.

பிறகு உஸ்தாதின் பதில் வந்தது. நஸீர் என் மனுவோடு அந்தப் பத்திரத்தின் நகலையும் பின்னால் அனுப்பியிருந்தானாம், எனக்குத் தெரியாது. நடுங்கும் கையெழுத்தில் மூன்றே வரி. மயக்கத்தில் நாவு சொன்னதற்கு விசாரணை இல்லை. ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதும் இல்லை. ஆகவே சகோதரர் எழுதிய பத்திரம் தேவையற்றது, செல்லாது.

தங்கையைக் கூப்பிட்டேன். அவளுக்கு ரமழான் நோன்பு, எனக்குத் தவக்காலம். இரண்டு பேர் வயிறும் காலி.

"பாத்தியா, எழுத்துலயே வந்துருச்சு" என்றாள். குரலில் பழைய தெம்பு. "இனி எனக்குப் பயமில்ல. உன்னுதக் கிழிச்சிரவா அண்ணே?"

நான் மூன்று மாதமாக வேண்டிக்கொண்டிருந்தது அதுதான். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"வேணாம்" என்றேன். "இருக்கட்டும்."

பதில் வந்த தேதி மார்ச் பத்தொன்பது, புதன்கிழமை. முப்பது நாள் கெடு எப்போதோ தாண்டியிருந்தது.